வந்தவரின் சொல்லைக் கைவிடாமல்: எல்லையோரக் கல்லூரிகளில் கவுன்சலிங் கற்பிக்கத் தொடங்குவோருக்கு

நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டு. குமுளிக்கு அருகே ஏலத்தோட்டத்துக் குடும்பம் ஒன்றைச் சந்தித்துவிட்டு வந்த முதுகலை மாணவி ஓர் அறிக்கை தந்தார். ‘ஒன்பது வயதுப் பையன். எப்போதும் சோகமாக இருக்கிறான் என்று தாய் கூறுகிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒழுங்கான அறிக்கை. படித்தேன், கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தச் சந்திப்பின் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் தாயின் குரல் என் காதில் விழுந்தது: “பையன் எந்நேரமும் விஷமம்தான், டீச்சர்.”

மாணவியின் தாய்மொழி மலையாளம். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். தமிழ் பேசும் அந்தத் தாய் சொன்னது குறும்பை. வகுப்பில் உட்காரமாட்டேன் என்கிறான், அடுத்த பையனைக் கிள்ளுகிறான் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மாணவியோ அத்தனையும் சோகத்தின் அடையாளம் என்று எழுதிவைத்திருக்கிறார். அவர்மேல் குறையில்லை. ஒலியைக் கேட்காமல் காகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்ட என்மேல்தான் குறை. இன்று நான் கற்பிக்கும் முறை முழுவதும் அந்த இரண்டு வாரத்திலிருந்து வந்தது.

கம்பம், போடி, குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு வட்டாரத்தில் உளவியலோ சமூகப்பணியோ கற்பிக்கப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. பேச்சு அந்தக் கோட்டின்படி பிரிந்துவிடவில்லை. இங்கே ஒருவர் தம் துயரத்தைத் தமிழில் சொல்வார், மாணவர் அதை மலையாளத்தில் புரிந்துகொள்வார், அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவார். ஒவ்வொரு கை மாறும்போதும், உதவி தேடி வந்தவரின் சொல் கொஞ்சம் தேய்கிறது. அதைத் தேயாமல் காப்பதற்குத்தான் இந்தப் படிகள்.

முதல் நாளே வரம்பைச் சொல்லிவிடுங்கள்

முதுகலைப் பட்டம் பெற்றால் தாம் மருத்துவ உளவியலாளர் என்று நினைக்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின் கீழ், அந்தப் பெயரில் தொழில் செய்யத் தனிப் படிப்பும் பதிவும் தேவை. மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. உங்கள் மாணவர் செய்யப்போவது, மேற்பார்வையின் கீழ் காது கொடுப்பதும், பயின்ற சில முறைகளைக் கையாள்வதும், தம்மால் ஆகாததை உரிய இடத்துக்கு அனுப்புவதும். இதை வாயால் சொன்னால் போதாது. எப்படிப்பட்டவரை, எங்கே, எந்த நாளில் அனுப்புவது என்று ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுங்கள். கம்பத்தில் குடியிருந்து குமுளி மலையில் வேலை செய்பவருக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வசதியா, இடுக்கி மாவட்ட மனநலத் திட்டத்தின் கிளினிக் வசதியா என்பது அவர் ஜீப் எந்நேரம் புறப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இரு மாநில விவரமும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதல் நான்கு வாரம்: கேள்வியும் அறிவுரையும் இல்லை

மாணவர்களை மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் பார்த்துக் குறிப்பெடுப்பார். பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் பார்த்தவரின் குறிப்பு, பிறகு இடம் மாற்றம். பேசுபவர் கொண்டுவரும் விஷயம் உண்மையானதாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். பாரத்தைப் பத்துக்கு எவ்வளவு என்று அளந்தால் மூன்றைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிடுவேன். விடுதி அறைத்தோழியோடு வந்த சிறு மனத்தாங்கல் போதும். தந்தையின் மரணம் வேண்டாம். தாங்கத் தெரியாத கைகளில் பெரிய சுமையை வைப்பது இருவருக்கும் செய்யும் கெடுதல்.

கேட்பவருக்கு இரண்டே விதிகள். கேள்வி கேட்கக்கூடாது, வழி சொல்லக்கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லலாம், சும்மா இருக்கலாம்.

இது மாணவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பலர், வீட்டிலும் தெருவிலும் நல்ல புத்தி சொல்பவர் என்று பெயர் வாங்கியவர்கள். அந்தப் பெயரால்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதையே முதலில் கீழே வை என்றால் தவிப்பு வரத்தான் செய்யும். அவசரப்படுத்தாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் வேண்டும் என்று சொன்ன மூன்றையும், அதாவது பரிவோடு உள்வாங்குதல், நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல் ஆகியவற்றைத் தேர்வில் எல்லோரும் பிழையின்றி எழுதிவிடுவார்கள். எதிரே ஒருவர் அழும்போது, கைக்குட்டையை நீட்டி “அழாதீர்கள்” என்று சொல்லாமல் அரை நிமிடம் உட்கார்ந்திருக்க முடிகிறதா என்பதில்தான் அந்த மூன்றும் தெரியும்.

பிறகு, ஒரு வாரத்துக்கு ஒரு திறன்

1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஆலன் ஐவியும் உடன் பணியாற்றியவர்களும் ஆலோசனை என்ற பெரிய வேலையைச் சிறுசிறு திறன்களாகப் பிரித்து, ஒன்றொன்றாகப் பழக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கவனித்து அமர்தல், திறந்த கேள்வி, சொன்னதன் சாரத்தைத் திருப்பித் தருதல், உணர்வைத் திருப்பித் தருதல், தொகுத்துச் சொல்லுதல். ஒரு வாரத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இவற்றில் நம் பகுதியில் அதிக நேரம் கேட்பது உணர்வைத் திருப்பித் தருதல். அதற்கு நான் வகுப்பில் எழுதிப்போடும் எடுத்துக்காட்டு ஒன்று:

“விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து சோறாக்கி, ஜீப்பைப் பிடித்து மலையேறி, பொழுது சாய வீட்டுக்கு வந்தால் அவர் குடித்துவிட்டுக் கிடக்கிறார். எனக்கு அலுத்துப்போய்விட்டது, அம்மா.”

ஒரு மாணவர் சொல்வார்: “குடியை நிறுத்த மருத்துவமனை இருக்கிறது, அழைத்துப் போகலாமே.” நல்ல செய்திதான், நேரம்தான் தவறு. இன்னொருவர் சொல்வார்: “நீங்கள் கடுமையான மன அழுத்தத்தில் இருக்கிறீர்கள்.” இதைக் கேட்ட அந்தப் பெண் தலையாட்டுவார், பேச்சு அங்கே நின்றுவிடும். மன அழுத்தம் நம் பாடப்புத்தகத்தின் சொல். அவர் கொண்டுவந்த சொல் அலுப்பு. மூன்றாமவர், “அலுத்துப்போய்விட்டது…” என்று அதே சொல்லைத் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், அடுத்த வரி வரும். “உடம்பு அலுப்பைச் சொல்லவில்லை அம்மா. இருந்தது போதும் என்று இருக்கிறது.”

அந்த அடுத்த வரிதான் அன்றைய சந்திப்பின் உயிர். அதை வரவழைத்தது மூன்றாமவரின் பொறுமை. இந்தப் பகுதியைக் கற்பிக்க இரண்டு வகுப்பு ஒதுக்கியிருந்தால் நான்காக்கிக்கொள்ளுங்கள், வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம்.

சொல் நோட்டு

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொது நோட்டு வைக்கச் சொல்வேன். களத்தில் கேட்ட துயரச் சொல்லை, ஆளின் பெயரோ ஊரோ இல்லாமல், சொன்னபடியே அதில் எழுத வேண்டும். நெஞ்சை அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, வயிறு எரிகிறது, மனசு விட்டுப்போயிற்று, தலைக்குள் கிறுகிறுக்கிறது. எதிரே, அவரிடமே கேட்டு அறிந்த பொருள். மாணவர் தாமாக ஊகித்த பொருளுக்கு அங்கே இடமில்லை.

இரு மொழியிலும் ஒரே ஒலியோடு வேறு பொருள் தரும் சொற்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும். விஷமத்தைச் சொன்னேன். சங்கடம் இன்னொன்று. கணவரை இழந்த ஒரு மலையாளி மூதாட்டி “வலிய சங்கடமாணு” என்றபோது, பேசக் கூச்சப்படுகிறார் போலும் என்று நினைத்து ஒரு தமிழ் மாணவர் பேச்சை மாற்றிவிட்டார். மூதாட்டி சொன்னது பெருந்துக்கத்தை. பேடி என்றால் மலையாளத்தில் பயம். தமிழ் ஆணிடம் ‘பேடியா’ என்று கேட்டுவிட்டால் அவமதித்ததாக ஆகும். அவசரம் என்ற சொல்லுக்கு மலையாளத்தில் வாய்ப்பு என்று பொருள். எதிரே இருப்பவரின் மொழி நன்றாகத் தெரியும் என்று எண்ணும் மாணவருக்குத்தான் இந்தச் சொற்கள் அதிகம் சறுக்கும். தெரியாத மொழியில் கேட்டுத் தெளிந்துகொள்வோம், தெரிந்த ஒலியில் கேட்பதில்லை.

உடம்பைச் சொல்லி வரும் துயரத்தில் ஓர் எச்சரிக்கை. நெஞ்சடைப்பும் கிறுகிறுப்பும் இரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், இதயக்கோளாறாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று கேட்காமல் மனத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

ஒலிப்பதிவு இல்லாமல் மேற்பார்வை இல்லை

மேற்பார்வைக்கு எழுத்து அறிக்கை மட்டும் கொண்டுவரும் மாணவரைத் திருப்பி அனுப்புங்கள். நினைவிலிருந்து எழுதுபவர், நடந்ததைவிட நடந்திருக்க வேண்டியதையே எழுதுவார். அதில் பொய் இல்லை. நினைவின் இயல்பு அது.

என் வழக்கம் இது. முப்பது நிமிடப் பதிவில் மாணவரே ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, மௌனத்தையும் இருமலையும் விடாமல் எழுதிவர வேண்டும். பக்கத்தை நெடுக்காக நான்கு பத்தியாகப் பிரித்து, முதல் பத்தியில் வந்தவர் சொன்னது, அவர் மொழியிலேயே. இரண்டாவதில் மாணவர் சொன்னது. மூன்றாவதில் அந்நேரம் மாணவரின் மனத்தில் ஓடியது. நான்காவதில் இப்போது கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்பது. மூன்றாவது பத்தியில்தான் உண்மையான பயிற்சி நடக்கிறது. பதிவை ஓடவிட்டு, மாணவரே நிறுத்தி, அந்தக் கணத்தில் உள்ளே என்ன நடந்தது என்று நினைவுகூரும் முறையை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ககன் 1960-களில் உருவாக்கினார். அதில் ஆசிரியர் திருத்துபவராக அமர்வதில்லை, விசாரிப்பவராக அமர்கிறார். “இங்கே ஏன் கேள்வியை மாற்றினீர்கள்?” என்ற தொனி வேண்டாம். “இந்த இடத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டால் மாணவர் தாமே சொல்வார்: “எனக்குப் பயமாகிவிட்டது. அவர் மேலே பேசிவிடுவாரோ என்று.”

நான்கு மாணவர் கொண்ட குழுவுக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறேன். அதற்கு மேல் ஆளைச் சேர்த்தால் சிலர் வெறுமனே பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள்.

சம்மதமும் ரகசியமும்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களைக் காக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. பதிவு செய்யும் முன் சம்மதப் படிவத்தை அவர் மொழியில் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். பதிவு வேண்டாம் என்று சொன்னாலும் ஆலோசனை நடக்கும் என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். பதிவு மாணவரின் சொந்த அலைபேசியில் தங்கக்கூடாது. துறையின் கருவியில் கடவுச்சொல்லோடு இருந்து, மேற்பார்வை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும்.

ரகசியத்துக்கு விலக்குகள் உண்டு. வந்தவரின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும். குழந்தைமேல் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இது மாணவரையும் கட்டுப்படுத்தும். குழந்தை வாய்திறந்த பிறகு இதைச் சொல்வது அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகம். ஆகவே முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழக்குங்கள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் சுவர் ஒன்று, வீடு இரண்டு. அடுத்த வீட்டு அடுப்படியில் நின்றால் இந்த வீட்டுப் பேச்சு கேட்கும். அதனால் சந்திக்கும் இடத்தை மாணவரே முன்கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளி அறையோ அங்கன்வாடியோ வேலை நேரத்துக்குப் பின் கிடைக்கும். மொழி புரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரையோ, பெற்ற மகளையோ மொழிபெயர்க்க உட்காரவைப்பதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். தாய் அடிபடுவதை மகள் வாயால் சொல்லவைப்பது ஆகாது. ஆலோசனைக்கு வந்தவரைச் சந்தையில் கண்டால், அவர் வணங்கும்வரை மாணவர் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

உயிரைப் பற்றி நேரடியாகக் கேட்கும் பயிற்சி

முன்பு சொன்ன பெண்ணிடம் திரும்புவோம். “இருந்தது போதும் என்று இருக்கிறது” என்று அவர் சொன்ன பிறகு மாணவர் என்ன செய்வார்? பெரும்பாலோர் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். “இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்காகவாவது…” இது அவர் வாயை அடைக்கும். கேட்க வேண்டியது ஒன்றே: “செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா?” இப்படிக் கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் பலமுறை தெளிவான உண்மை. ஆனாலும் நாக்கு எழும்பாது. எனவே இருவர் இருவராக அமரவைத்து, அந்த வாக்கியத்தை இருபது முறை உரக்கச் சொல்லவைக்கிறேன், குரல் நடுங்காமல் வரும்வரை. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தைப் பயன்படுத்தும்போதும் இதே கவனம் தேவை. அதன் ஒன்பதாம் கேள்வி சாவைப் பற்றியது. மாணவர்கள் அதை எட்டாவதோடு ஒட்டி வேகமாக வாசித்துக் கடந்துவிடுவார்கள். அங்கே நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்கப் பழக்குங்கள்.

ஆம் என்று பதில் வந்தால் அடுத்த கேள்விகள்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா. ஏலத்தோட்டப் பகுதியில் பூச்சிமருந்து வீட்டுத் திண்ணையிலேயே இருக்கலாம். அதை அன்றே அப்புறப்படுத்த யாரிடம் சொல்வது என்று அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு மாணவர் பஸ் ஏறக்கூடாது. மேற்பார்வையாளரின் எண் அந்நேரம் கிடைக்க வேண்டும், எந்நேரமானாலும். தொலைபேசி உதவி எண்கள்: டெலி மானஸ் 14416, கேரளத்தில் திஷா 1056, தமிழ்நாட்டில் 104, குழந்தைகளுக்கு 1098. இவற்றை மாணவர் தாமே ஒருமுறை அழைத்து, எந்த மொழி கிடைக்கிறது, எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர், வேறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக்கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்களுக்கு மாணவர் இதைத் தம் வாயால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிகிச்சை முறை, ஆழமாக

பாடத்திட்டத்தில் ஏழெட்டு முறைகள் இருக்கும். எல்லாவற்றையும் அறிமுகப்படுத்துங்கள். கையில் கொடுப்பது ஒன்றாக இருக்கட்டும். நான் எடுப்பது, மனம் சோர்ந்தவரைச் சிறு செயல்கள் வழியே மெல்ல எழுப்பும் முறை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவர் குழுவும், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத ஆலோசகர்களைக் கொண்டு, 6 முதல் 8 அமர்வுகளில் கடும் மனச்சோர்வு குறைவதைக் காட்டினார்கள். அங்கே ஆலோசகர்கள் ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பிட்டார்கள். அந்தப் பழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் “நீங்களே ஒரு வழி சொல்லுங்கள், டீச்சர்” என்ற வேண்டுகோள் வரும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்ப விரும்பமாட்டார். அது நியாயம். நம்மிடம் உதவிக்கு வருபவர் சீடரின் மனநிலையோடு வருகிறார் என்பதை மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973-இலேயே குரு–சீட உறவை முன்வைத்து எழுதினார். மேலைநாட்டுப் பாடத்தை அப்படியே வைத்து “உங்கள் முடிவை நீங்களே எடுங்கள்” என்று ஒதுங்குவது இங்கே கைவிடுவதாகவே தோன்றும். தகவலுக்கும் அறிவுரைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்குப் பிரித்துக் காட்டுகிறேன். மனநலப் பிரிவு எந்தக் கிழமை நடக்கிறது, என்ன காகிதம் வேண்டும் என்பது தகவல். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். கணவரை விட்டுப் போகலாமா என்பதற்குப் பதில் அறிவுரை. அதை அவரோடு சேர்ந்து யோசிக்க வேண்டும்.

மாணவரின் மனம்

எங்கள் வகுப்பில் லயத்து வீட்டிலிருந்து வந்து முதன்முதலாகக் கல்லூரி ஏறியவர்கள் உண்டு. வந்தவர் சொல்லும் குடி, தம் தந்தையின் குடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் இறந்தார்கள். மூணாறுப் பக்கத்து மாணவருக்கு அது செய்தி அல்ல, தெரிந்த முகங்கள். அந்தத் துயரத்தை வகுப்பு நடிப்புக்குக் கதையாக எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கனமழை நாளில் களத்துக்குப் போக முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் வேறு நாள் கொடுங்கள்.

மதிப்பெண் போடும் நீங்களே மாணவருக்கு ஆலோசகராகவும் ஆகிவிடாதீர்கள். கல்லூரிக்கு வெளியே ஒருவரை ஏற்பாடு செய்து வையுங்கள். மாணவர் தம் வாழ்க்கையை எவ்வளவு திறந்து சொன்னார் என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது என்று முதல் வகுப்பில் அறிவித்துவிடுங்கள்.

முடிக்கும் விதம்

பருவம் முடிந்தால் மாணவர் போய்விடுவார். வந்தவர் இங்கேயே இருப்பார். எத்தனை சந்திப்பு என்பதை முதல் நாளே சொல்லி, கடைசிக்கு மூன்று சந்திப்பு இருக்கும்போது மீண்டும் நினைவூட்ட வேண்டும். தொடர வேண்டியவர் என்றால், அடுத்து வரும் மாணவரைப் பழைய மாணவர் நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்ய வேண்டும். பதிவுகள் அழிக்கப்பட்டனவா என்று ஆசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

சொல் நோட்டை மட்டும் அழிப்பதில்லை. அது துறை அலமாரியில் இருக்கும். அடுத்த தொகுதி மாணவர்கள் ஜூன் மாதம் முதல் வாரத்தில் அதை வட்டமாக உட்கார்ந்து உரக்க வாசிப்பார்கள். தமிழர் எழுதியதை மலையாளியும் மலையாளி எழுதியதைத் தமிழரும்.